வாசாவுக்கு வாய்த்தது ஒரே ஒரு பிற்பகல்

பாய்மரக் கப்பல் மாதிரி கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்களில் பலர் கையில் இப்போது வாசா கப்பலின் பெட்டி இருக்கிறது. சிலர் 1:150 அளவில் பிளாஸ்டிக் வாங்கியிருக்கிறீர்கள். துணிந்தவர்கள் 1:75 அளவில் மரத்திலேயே இறங்கிவிட்டீர்கள். ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: மேற்கட்டுக்கு நீலம் அடிப்பதா, சிவப்பு அடிப்பதா? பழைய ஓவியங்களில் நீலம் இருக்கிறது, புதிய படங்களில் சிவப்பு இருக்கிறது, எதை நம்புவது? தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

சிவப்பு அடியுங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் நாளைக்கே பாய் எத்தனை விரிப்பது, பீரங்கி வாசல்கள் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா, பலகை கறுப்பா பழுப்பா என்று வரிசையாகக் கேட்பீர்கள். அத்தனைக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு தேதியை எழுதி, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். கப்பலின் எந்த நாளைக் கட்டுகிறோம் என்பது முடிவாகாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

மற்ற கப்பல்களில் இந்த முடிவு எடுப்பது பெரும்பாடு. இங்கிலாந்தின் விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1765-ல் நீரில் இறங்கியது. 1803-ல் முடிந்த பெரிய புதுப்பிப்பில் அதன் பின்புறத்துத் திறந்த மாடங்கள் அடைபட்டன. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கரில் போரிட்டது. 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் காட்சிப்பொருளாக நிற்கிறது. நம் ஆட்கள் முதல் காலத்து மாடத்தையும், டிரஃபால்கர் காலத்துப் பட்டைகளையும், சுற்றுலாப் படத்தில் பார்த்த மஞ்சளையும் ஒரே கப்பலில் கூட்டிவைத்துவிட்டு, 'விக்டரி' என்று பித்தளைத் தகட்டில் பொறிக்கிறார்கள். இதற்கிடையில் அந்த மஞ்சளே சரியில்லை என்று பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்து, 2015-ல் நிஜக் கப்பலையே வெளிறிய வேறு நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கும் மேல் வாழ்ந்த கப்பல் என்றால் இப்படித்தான், எந்த வயதில் படம் பிடிப்பது என்றே தெரியாது.

வாசாவில் அந்தத் தொல்லை இல்லை. அதன் கடல்வாழ்வு மொத்தமும் ஒரு பிற்பகலில் முடிந்துபோனது.

1628 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாக்ஹோம் கரையில் கூட்டம் கூடி நிற்கிறது. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் ஊரில் இல்லை. போலந்துடனான போரில் பிரஷ்யாவில் இருக்கிறார், கப்பல் எப்போது வரும் என்று அங்கிருந்தே அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார். இரண்டு முழுப் பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், முன்னால் நீட்டிய மரத்தையும் சேர்த்தால் 69 மீட்டர் நீளம், அடிமரத்திலிருந்து நடுமரத்தின் உச்சிவரை 52 மீட்டருக்கு மேல் உயரம். காற்று மெலிதாக இருந்ததால் முதலில் கரையோரமாகக் கயிறு கட்டி இழுத்தே நகர்த்தினார்கள். பிறகு நான்கு பாய்களை விரித்தார்கள். மரியாதை வேட்டுக்காகப் பீரங்கி வாசல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு காற்று அடித்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. பெக்ஹோல்மன் தீவை நெருங்கும்போது இன்னொரு காற்று. இந்த முறை நிமிரவில்லை. கீழ்த்தளத்து வாசல்கள் வழியே தண்ணீர் உள்ளே கொட்டியது. ஏறத்தாழ 1,300 மீட்டர் மட்டுமே ஓடிய கப்பல் 32 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. பாய்மரங்களின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. கப்பலில் சுமார் 150 பேர் இருந்தார்கள். முதல் கட்டப் பயணம் என்பதால் மாலுமிகளின் குடும்பத்தாருக்கும் ஏற அனுமதி இருந்தது. இறந்தவர்கள் சுமார் 30 பேர்.

இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. கப்பல் புறப்படும் முன் முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு கடற்படைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் சொன்னார். சோதனை நின்றது, கப்பல் நிற்கவில்லை. பிறகு விசாரணை நடந்தது. கப்பலைக் கட்டத் தொடங்கிய டச்சுக்காரர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். பீரங்கித் தளங்களுக்கு ஒப்புதல் கொடுத்தவர் மன்னர். மன்னரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாரால் முடியும்? யாருக்கும் தண்டனை இல்லை.

இனி உங்கள் மேசைக்கு வாருங்கள். தேதி முடிவாகிவிட்டதால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துபோகும்.

முதலில் பாய். வாசாவுக்குப் பத்துப் பாய்கள். பெட்டியின் மேலட்டையில் பத்தும் காற்றில் புடைத்து நிற்கும், பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அப்படி ஒரு வாசாவை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. அன்று விரித்தவை முன்மரத்தின் பெரும்பாயும் அதற்கு மேலுள்ள பாயும், நடுமரத்தின் மேற்பாயும், பின்மரத்தின் முக்கோணப் பாயும்தான். கப்பலிலேயே பெரிதான நடுமரத்துப் பெரும்பாயை அவர்கள் விரிக்கவே இல்லை. மீதி ஆறு பாய்களும் கீழே பாய் அறையில் மடித்துக் கிடந்தன. 1961-ல் கப்பலை மேலே கொண்டுவந்தபோதும் அங்கேயே இருந்தன. ஆகவே உங்கள் மாதிரியில் ஆறு பாய்களைத் தாங்கும் குறுக்குமரங்கள் (பருமல்கள்) வெறுமையாக இருக்கலாம். சுருட்டிக் கட்டிய பாய்கூட வேண்டாம். சரித்திரத்துக்கும் நேர்மை, நமக்கும் வேலை மிச்சம். இவ்வளவு நல்ல பேரம் இந்தப் பொழுதுபோக்கில் வேறெங்கும் கிடைக்காது.

அடுத்தது பீரங்கி வாசல். திறந்தே இருக்கட்டும். கதவுகளின் உள்பக்கத்தில் சிங்க முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். கதவு மேலே தூக்கியிருக்கும்போதுதான் அந்த முகங்கள் எதிரியைப் பார்க்கும். மூடி ஒட்டினால் செதுக்கியவனின் உழைப்பும் மறைந்துவிடும், கப்பல் முழுகியதற்கான காரணமும் மறைந்துவிடும். 1:150-ல் ஒரு சிங்க முகம் மிளகளவுகூட வராது. அதில் கண், மீசை என்று வரைய உட்காராதீர்கள். முகத்துக்கு மஞ்சள் காவி அடித்து, நன்றாகக் காய்ந்தபின் கரும்பழுப்பை நீர்க்கக் கரைத்து மேலே ஒரு சொட்டு விடுங்கள். அது தானாகவே பள்ளத்தில் இறங்கி கண்ணையும் வாயையும் எழுதிவிடும். இன்ஸ்டிரக்‌ஷன் தாளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

நிறத்துக்கு வருகிறேன், இதைத்தானே கேட்டீர்கள். கப்பலில் சிற்பங்களைப் பொருத்தியிருந்தது இரும்பு ஆணிகளால். ஆணிகள் துருப்பிடித்து அழியவும் சிற்பங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சேற்றில் விழுந்தன. சேறு அவற்றைக் காப்பாற்றியது. 1956-ல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் கப்பல் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, 1961 ஏப்ரல் 24 அன்று அது மேலே வந்தபிறகு, கப்பலிலும் சுற்றிலும் கிடைத்த தனித் துண்டுகள் பல்லாயிரம். சிற்பங்கள் மட்டும் சுமார் 700. எல்லாம் கறுத்துப்போன மரம். ஒன்றிலும் கண்ணுக்கு நிறம் தெரியவில்லை. அந்தக் காலத்து அரசக் கப்பல் என்றால் நீலப் பின்னணியில் பொன் பூசிய சிற்பங்களாகத்தான் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். 1970-களிலிருந்து 90-களின் தொடக்கம்வரை வந்த ஓவியங்களும் மாதிரிகளும் அந்த நினைப்பில் உருவானவை. உங்களில் சிலர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய பெட்டி நீலம் சொல்வதும் அதனால்தான்.

அதன்பிறகு சிற்பங்களின் இடுக்குகளில் ஒட்டியிருந்த பெயின்ட் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கதை மாறியது. பின்முகப்பின் பின்னணி, மேற்கட்டின் பக்கச் சுவர்கள், பக்கவாட்டு மாடங்களின் கூரை, மூக்குப் பகுதியின் பக்கங்கள் எல்லாம் சிவப்பு. சிற்பங்கள் பொன்மயமும் அல்ல. மனிதர்களுக்குத் தோல் நிறம், ஆடைக்கு ஆடை நிறம், முடிக்கு முடி நிறம் என்று இயல்பாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். பொன் இலை சில இடங்களில் மட்டும்தான். சிலருக்கு இது ரசக்குறைவாகப் படலாம். மயிலாப்பூர்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிர்ச்சி? பச்சையும் சிவப்பும் நீலமும் பூசிய சுதைச் சிற்பங்கள் அடுக்கடுக்காக ஏறும் அந்தக் கோபுரம் கடலில் மிதந்தால் எப்படி இருக்கும், அதுதான் வாசாவின் பின்முகப்பு. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் கப்பலுக்கு எதிரிலேயே 1:10 அளவில் இந்த நிறங்களோடு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம். நம் மேசைக்குத் தாங்காது, ஆனால் நிறத்துக்கு இறுதித் தீர்ப்பு அதுதான்.

சிவப்பு என்றதும் டப்பாவைத் திறந்து அப்படியே பூசிவிடாதீர்கள். நிஜக் கப்பலைச் சிவப்பாக்கிய அதே சிவப்பைச் சிறிய மாதிரியில் அடித்தால் விளையாட்டுச் சாமான் மாதிரிப் பளிச்சென்று நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் மங்கித் தெரியும் அல்லவா? ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்க்கும் 1:150 மாதிரி, நிஜக் கப்பலை நூறு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அதனால் சிவப்போடு ஒரு துளி மஞ்சள் காவியும் ஒரு துளி வெள்ளையும் சேர்த்து அடக்குங்கள். மேட் வார்னிஷ் கொடுங்கள், பளபளப்பு வேண்டாம். கோல்டு பெயின்ட்டை இன்னும் குறையுங்கள். அதிலுள்ள உலோகத் துகள் இந்த அளவுக்குப் பெரியது, சிற்பத்தின் மூக்கும் முழியும் அதில் புதைந்துவிடும். அடியில் காவி மஞ்சள், மேலே முனைகளில் மட்டும் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு லேசாகப் பொன் தடவினால் போதும். கப்பலின் முன்முனையில் பாய்ந்து நிற்கிற அந்தப் பெரிய சிங்கம் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பொன் பூசியிருந்தார்கள். நிஜத்தில் மூன்று மீட்டர் நீளம், உங்களுக்கு இரண்டு சென்டிமீட்டரோ நான்கு சென்டிமீட்டரோ வரும். அதில் உங்கள் ஆசை தீர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கத்துக்குப் பின்னால் மூக்கின் இருபுறமும் ரோமானியப் பேரரசர்கள் இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். திபேரியஸில் ஆரம்பிக்கிறது வரிசை. முதல் பேரரசரான அகஸ்டஸ் இல்லை. அந்த இடத்துக்கு ஸ்வீடன் மன்னரே இருக்கும்போது வேறொருவர் எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். அதே பகுதியில் ஒரு போலந்துப் பிரபு பெஞ்சுக்கு அடியில் முடங்கிக் கிடக்கிறார். எதிரியை அவமானப்படுத்த வைத்த சிற்பம். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது, கழிப்பிடத்துக்குப் போகும் மாலுமிகளுக்குத்தான் தெரியும். 1:150-ல் அவர் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் சட்டை நிறம் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

உடற்பகுதியின் நிறத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறீர்கள். அருங்காட்சியகத்தில் கப்பல் கருமையாக இருப்பதைப் பார்த்து, மாதிரிக்கும் கருமை அடித்து, மேலே பத்து வெள்ளைப் பாய்களை விரித்துவிடுகிறீர்கள். அந்தக் கருமை 333 வருடம் சேற்று நீரில் கிடந்ததால் வந்தது. இரும்பும் ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கறுப்பாக்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, கப்பலைத் துளைத்துத் தின்னும் புழு அங்கே வாழாது, அதனால்தான் கறுப்பாகவாவது கிடைத்தது. வெளியே எடுத்தபின் மரம் சுருங்கி வெடிக்காமலிருக்கப் பாலி எதிலீன் கிளைக்கால் கரைசலை 1962 முதல் 1979 வரை பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். 1628-ல் அது கீல் பூசிய புது மரம். வெயில் பட்டால் தேன் கலந்த பழுப்பாகத் தெரிந்திருக்கும். அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். செப்புத் தகடு போடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தது.

கறுப்புக் கப்பல்தான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் காகிதத்தில் தேதியை மாற்றி எழுதுங்கள்: 1961 ஏப்ரல் 24. அப்போது பாய் கிடையாது, சிற்பம் கிடையாது, பெயின்ட் கிடையாது, பாய்மரம் முழுதாகக் கிடையாது. நீர் வடிய, சேறு வழிய, கம்பிகளுக்கு நடுவில் எழும் ஒரு கருங்கூடு. அதையும் அழகாகக் கட்ட முடியும். இரண்டு தேதிகளைக் கலந்து ஒரு கப்பல் செய்வதைத்தான் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெட்டி சொல்லாத இன்னொரு விஷயம் உண்டு. நிஜ வாசா கோணல். கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு ஸ்வீடிஷ் அடிக்கோல்கள், பன்னிரண்டு அங்குலம். மற்ற இரண்டும் ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல்கள், பதினோரு அங்குலம். ஆளுக்கொரு கோலை வைத்து அளந்திருக்கிறார்கள். கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. பெட்டியிலிருக்கும் மாதிரியோ கணினியில் வெட்டியது, மயிரிழை பிசகாது. ஆகவே வங்குகளை (விலாச்சட்டங்களை) ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் விலகிவிட்டதே என்று தூக்கம் கெடாதீர்கள். அரசாங்கச் செலவில் கட்டியவர்களே அதைவிட மோசமாக விலகியிருக்கிறார்கள்.

ஆனால் அளவைப் பொருத்தவரை கணக்குப் போடும் பழக்கம் வேண்டும். 1:150-ல் பிளாஸ்டிக் பலகையின் மேல் மரக்கோடு என்று கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருந்தால், நிஜக் கப்பலில் அது ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் பள்ளம். விரல் நுழையும். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து அந்தக் கோடுகளைப் பாதியாக்குங்கள். கெட்டியான பெயின்ட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் படிந்தால் நிஜத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பூச்சு. அதனால் நீர்க்கக் கரைத்து, பொறுமையாக மூன்று தடவை அடிப்பதே நல்லது. 1:75 மரத்தில் கட்டுபவர்களுக்கு வேறு தொல்லை. கப்பலைச் சிறிதாக்கலாம், மரத்தின் நார்க்கோட்டைச் சிறிதாக்க முடியாது. நிஜக் கப்பல் ஓக் என்பதற்காக ஓக்கிலேயே கட்டினால் ஒவ்வொரு நார்க்கோடும் பலகை அகலத்துக்கு ஓடும். கோடே தெரியாத பேரிக்காய் மரமோ லைம் மரமோ வாங்கி, அதற்கு ஓக் நிறம் ஏற்றுவதுதான் வழி.

கயிறு என்று வந்தால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, ஆனாலும் முயல்கிறேன். நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனான கயிறு 1:75-ல் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கயிற்றேணியின் குறுக்குப்படிக் கயிறு ஒரு சென்டிமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே பெட்டியில் வரும் ஒரே தடிமனுள்ள கறுப்பு நூல்கண்டைத் தூரப் போடுங்கள். நான்கு தடிமன்களாவது வேண்டும். மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கீல் ஊறியவை, அவற்றுக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் கரும்பழுப்பு. பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகளில் கீல் பூச்சு அந்த அளவுக்கு இருக்காது, அவற்றுக்கு வெளிர்பழுப்பு. இந்த இரண்டு நிறத்தைப் பிரித்தாலே பார்ப்பவருக்கு எந்தக் கயிறு எந்த வேலைக்கு என்று புரிந்துவிடும்.

பருத்தி நூல் நம் ஊருக்கு ஆகாது. ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும், பங்குனி வெயிலில் காயும். ஒரு மாதம் விறைத்து மரத்தை வளைக்கும், அடுத்த மாதம் தொய்ந்து துணி காயப்போடும் கொடியாகத் தொங்கும். பாலியெஸ்டர் நூலில் தேன்மெழுகு தேய்த்து, பஞ்சுப்பிசிறு அடங்கியபின் கட்டுங்கள். கயிற்றேணியில் ஒவ்வொரு படியையும் முடிச்சுப் போட்டுத்தான் கட்ட வேண்டுமா, பசை தொட்டு வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். 1:150-ல் பசை போதும், மன்னிக்கிறேன். 1:75-ல் முடிச்சு போடுங்கள். ஒரு படிக்கு நடுவில் மூன்று கயிறு, ஓரத்தில் இரண்டு, எல்லாவற்றிலும் முடிச்சு ஒரே திசையில் விழ வேண்டும். அட்டையில் கோடு போட்டு கயிறுகளுக்குப் பின்னால் சொருகிக்கொண்டால் படி ஏறி இறங்காது. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பாய்க்குத் துணி வைப்பவர்களுக்கு இரண்டு சொல். துணியை மங்கலாக்க டீ டிகாஷனில் ஊறவைக்கும் பழக்கம் இருக்கிறது. டீயின் துவர்ப்பு நாளாவட்டத்தில் துணியை அரித்துவிடும், அக்ரிலிக் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து நனைப்பது மேல். காற்றில் புடைத்தமாதிரி நிற்கவைக்கக் கஞ்சி போடாதீர்கள். கரப்பானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். வாசாவைப் புழுவிடமிருந்து காப்பாற்ற பால்டிக் கடல் இருந்தது, உங்கள் ஷோகேஸில் அந்த வசதி கிடையாது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து தடவினால் போதும். மழைக்காலத்தில் லாக்கர் ஸ்பிரேயும் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பட்டுப் பூச்சு வெள்ளை பூத்துவிடும். அதே மாதிரி சித்திரை வெயிலில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கத்தான் அடிக்க வேண்டும். இதுக்கெல்லாம் வீட்டில் திட்டு வாங்குவீர்கள், அதை நான் வாங்கித்தர முடியாது.

ஒரு கேள்வி கோபமாகவே வருகிறது. ஸ்வீடன்காரனின் முழுகிய கப்பலுக்கு இத்தனை பாடா, ராஜேந்திர சோழனின் கப்பலைக் கட்டினால் என்ன என்று. கட்டுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் சோழர் படைக்கப்பல் இதுதான் என்று உறுதியாகக் காட்ட ஓர் உடற்பகுதி இதுவரை நம் கையில் இல்லை. வரைபடமும் இல்லை. கடையில் விற்கும் புலிக்கொடிக் கப்பல்கள் எல்லாம் கற்பனை. கற்பனையில் எந்த நிறம் அடித்தாலும் யாரும் தவறு என்று சொல்ல முடியாது. எனக்கு அதில்தான் சுவை குறைகிறது. வாசாவில் நீங்கள் தவறு செய்தால், தவறு என்று காட்ட ஸ்டாக்ஹோமில் ஒரு மரத்துண்டு இருக்கிறது.

தமிழ்க் கப்பலே வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன. கடல் தெரிந்த பெரியவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். பெட்டி மட்டும் இல்லை, அடிமரத்திலிருந்து நாமே வெட்ட வேண்டும். அங்கேயும் முதலில் தேதிதான்: ராபின்சன் வாங்குவதற்கு முன்பா, பின்பா? கப்பலின் பின்புறத்தில் எழுதப்போகும் பெயரே அதைப் பொறுத்தது. முன்பு என்று முடிவு செய்துவிட்டு அமெரிக்கக் கொடியை ஏற்றிவிடாதீர்கள்.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். 1:75 வாசா நீட்டுமரத்தையும் சேர்த்து 92 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம். ஷோகேஸை அளந்துவிட்டுத் தொடங்குங்கள். கட்டி முடித்தபின் அலமாரிக் கதவைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள், சிவப்பு வெளுக்கும். பெயர்த் தகட்டில் கப்பல் பெயரோடு தேதியையும் போடுங்கள். எந்தெந்த இடத்தில் ஊகித்தீர்களோ அதை அடிப்பலகைக்குக் கீழே பென்சிலில் எழுதிவையுங்கள். பிறகு ஆராய்ச்சி மாறினால் உங்களுக்குப் பின்னால் வருபவர் எதைத் திருத்துவது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

அன்புடன்,
விரல் நுனியில் எப்போதும் பசை ஒட்டியிருக்கும் ஒரு மூத்தவன்

பி.கு.: ஸ்டாக்ஹோமில் மகனோ மருமகளோ இருப்பவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். அருங்காட்சியகம் போனால் கப்பல் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது போதும் என்று சொல்லி, எதிரிலிருக்கும் 1:10 மாதிரியின் இடப்பக்க மாடத்தை, கீழிருந்து மேல் பார்த்த மாதிரி, ஃபிளாஷ் இல்லாமல் நாலைந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாடத்தின் அடிப்பக்கத்துக் கடற்கன்னிகளுக்கு என்ன நிறம் என்பதில் எனக்கும் என் பெரிய தம்பிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.